கடிக்குது அம்மா

இலங்கையில் எங்கள் பக்கத்தில் கடிப்பதற்கும் அரிப்பதற்கும் ஒரே சொல்தான். நுளம்பு கடித்தாலும் கடிக்குது, வேர்க்குரு போட்டாலும் கடிக்குது, பேன் பிடித்தால் தலை கடிக்குது. தமிழ்நாட்டில் அரிக்குது என்பார்கள், அங்கே கடிப்பது வேறு அரிப்பது வேறு. நமக்கு இரண்டும் ஒன்று. இதை நான் இத்தனை வயதுக்கும் யோசித்ததில்லை. போன வருஷம் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கிய ஜூன் மாதத்திலிருந்து ஓகஸ்ட் கடைசி வரைக்கும் என் மகள் தினமும் வந்து "அம்மா, கடிக்குது" என்றாள். நானும் தினமும் "எங்க கடிக்குது?" என்று கேட்டேன். அவள் காலைக் காட்டினாள், நான் மருந்து பூசினேன். அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட "என்ன கடிக்குது?" என்று நான் கேட்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளை தனக்கு நடப்பதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இருந்த பெரிய ஆட்கள் ஐந்தாறு பேரும் அதை ஒரு வியாதியாக மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம். எல்லாம் சுகமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருகோணமலையில், நிலாவெளி வீதியில் சாம்பல்தீவுப் பக்கம். கடல் தெரியாது, இரவில் சத்தம் மட்டும் கேட்கும். வளவு முழுக்க மணல். காலையில் அம்மா ஈர்க்குமாற்றால் கூட்டிவிட்டுப் போனால் கோடு கோடாகக் கிடக்கும், மத்தியானக் காற்றில் அந்தக் கோடெல்லாம் அழிந்துவிடும். கோடிப்பக்கத்தில் ஒரு மாமரம், அதற்குக் கீழே பலகையும் தகரமும் வைத்து அடித்த கோழிக்கூடு. கோழிகள் அம்மாவுடையவை. எல்லாம் ஊர்க்கோழி, ஒரு சேவலும் ஆறு பேடும். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த வருஷம் வீட்டுக்குக் கதவு போடுவதற்கு முன்னாலேயே அம்மா இரண்டு குஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். முட்டைக் காசு அவருடைய காசு, அதில் நாங்கள் யாரும் கைவைப்பதில்லை. என் கொப்பி, பென்சில், இப்போது பேத்தியின் கொப்பி, பென்சில் எல்லாம் அந்தக் காசில்தான். என் மகள் நடக்கப் பழகியதே அந்தக் கோழிகளைத் துரத்தித்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு மாமரத்து நிழலில் போய்க் குந்திவிடுவாள். சிரட்டையில் மண்சோறு, பூவரசம் இலையில் கறி. கூட்டுக்கும் அவளுக்கும் இடையில் நாலு அடி இருக்கும், அவ்வளவுதான்.

கூட்டில் நடந்தது

மே மாதம் ஒரு பேட்டை அடைக்கு வைத்தோம். கடகத்தில் உமி பரப்பி பன்னிரண்டு முட்டை. இருபத்தோராம் நாள் பத்துக் குஞ்சு பொரித்தது. அடுத்த வாரம் பார்த்தால் தாய்க்கோழியின் கண்ணைச் சுற்றியும் கொண்டையின் அடியிலும் கரும்பழுப்பாக ஏதோ பொருக்கு மாதிரிப் படிந்திருந்தது. கொஞ்ச நாளில் மற்றக் கோழிகளுக்கும் வந்தது. அம்மா பார்த்த உடனே சொன்னார், அம்மை என்று. சொன்னதில் பிழையில்லை, கோழி அம்மை அப்படித்தான் வரும், கொண்டையிலும் தாடியிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் எழும்பிக் கறுத்துப் பொருக்காகும். கச்சான் காலத்தில் அம்மை வரும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார், கூட்டு வாசலில் வேப்பங்குழை செருகினார். அம்மை என்று சொல்லியாயிற்று என்றால் அதற்குப் பிறகு யாரும் அதைத் தொட்டுப் பார்ப்பதில்லை, கிள்ளுவதில்லை, கிட்டக் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. தாய் வந்திருக்கிறாள், தானாக இறங்குவாள் என்று விட்டுவிடுவோம். நான் அந்தக் கோழியை எத்தனையோ தடவை கையில் தூக்கியிருக்கிறேன். அந்தப் பொருக்கை ஒரு தடவை விரலால் நெருடியிருந்தால் போதும். நெருடவில்லை.

குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. வயிற்றோட்டம் இல்லை, இழுப்பும் இல்லை. சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் நிற்கும், மறுநாள் காலையில் விறைத்துக் கிடக்கும். முகம் வெளிறிப் போயிருந்ததை அம்மா கவனித்துச் சொன்னார், "இரத்தமில்லாத மாதிரி இருக்குப் பிள்ளை" என்றார். பத்தில் மூன்று மிஞ்சியது. அம்மா சொன்ன அந்த வார்த்தையும் அப்படியே உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. இரத்தம் இருக்கவில்லைதான், குடித்து முடித்துவிட்டிருந்தன.

சொறி என்ற பெயர்

அதே நாட்களில்தான் மகளின் கால்களில் சிவப்புச் சிவப்பாக எழும்பத் தொடங்கியது. கணுக்காலில் தொடங்கி முழங்கால் வரைக்கும், பிறகு தொடையின் பின்பக்கம். ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவு தடிப்பு, நடுவில் ஒரு சின்னப் புள்ளி. இரவில் சொறிந்து சொறிந்து விடியும்போது படுக்கை விரிப்பில் இரத்தப் பொட்டு இருக்கும். ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டொக்டர் காலைப் பார்த்தார், "இரவில கூடக் கடிக்குதா?" என்று கேட்டார், ஆம் என்றேன், ஸ்கேபீஸ், அதாவது சொறி என்று எழுதினார். அந்த நேரம் அவருக்கு வெளியே முப்பது பேர் இருந்தார்கள். இந்த நாட்டில் சொறி நிறைய வருகிறது, இரவில் கடிப்பது அதன் அடையாளம், அவர் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கப் பூசிக்கொண்டு இரவு முழுக்க வைத்திருந்து காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பூச வேண்டும், வீட்டில் உள்ள எல்லாரும் பூச வேண்டும் என்றார். பெர்மெத்ரின் கிறீம். கடி தணியக் குடிக்க ஒரு பாணி மருந்தும் கொடுத்தார். அவர் சொன்னதில் ஒன்றையும் நாங்கள் விடவில்லை. அம்மா, நான், இவர், பிள்ளை, நாலு பேரும் பூசினோம். விரிப்பு, தலையணை உறை, துவாய் எல்லாம் கொதிநீரில் போட்டு எடுத்து அந்தக் கச்சான் வெயிலில் காயப் போட்டோம். நாலைந்து நாள் கொஞ்சம் குறைந்தது, பிறகு திரும்ப வந்தது. குறைந்தது பாணி மருந்தால் என்று இப்போது விளங்குகிறது. அப்போது நாங்கள் நினைத்தது, எங்கோ ஒரு துணியைக் கழுவ மறந்துவிட்டோம் என்று.

சொறி என்ற சொல் வீட்டுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதை நான் அதற்கு முன்னால் அறிந்திருக்கவில்லை. வகுப்பு ரீச்சர் கொப்பிக்குள் ஒரு துண்டு எழுதி அனுப்பினார், சுகமான பிறகு பிள்ளையை அனுப்பவும் என்று. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா வேலியில் நின்று பேசும்போது தன் மகனை உள்ளே போகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எங்கள் வளவுக்கு வரவில்லை. ஒரு கலியாண வீட்டில் சொந்தக்காரப் பெண் ஒருவர் என் மகள் பக்கத்தில் உட்காரப் போன தன் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார், "வீடு துப்புரவா இருந்தா இதெல்லாம் வராது" என்று. அம்மா அன்று இரவு வீடு முழுக்க டெட்டோல் போட்டுக் கழுவினார். பத்து மணிக்கும் கழுவிக்கொண்டிருந்தார். எழுபது வயதில் முழங்காலை ஊன்றிக்கொண்டு தரையைத் தேய்த்த அந்தக் காட்சியை நான் மறக்க மாட்டேன். ஒரு பிள்ளையின் காலில் தடிப்பு வந்தால் கேள்வி கேட்கப்படுவது அந்த வீட்டுப் பெண்தான். அவரிடம் யாரும் எதையும் விசாரிப்பதில்லை, நேரே தீர்ப்புத்தான்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன், எல்லாம் எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. சொறியை உண்டாக்கும் உண்ணி மனிதத் தோலுக்குள் வளை தோண்டி அங்கேயே முட்டையிட்டுக் குடியிருக்கும் சாதி. அது விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் அக்குளிலும் வரும், ஒரே பாயில் படுப்பவர்களுக்கு வாரக்கணக்கில் பரவும். என் மகளின் விரல் இடுக்குகள் பளிச்சென்று இருந்தன. வந்த இடம் எல்லாம் மணலில் படுகிற இடம். பாதம், கணுக்கால், குந்தியிருக்கும்போது தரையில் முட்டுகிற தொடையின் பின்பக்கம். இதைக் காண்பதற்குப் படிப்பு வேண்டாம், அவள் மண்சோறு சமைக்கும்போது பக்கத்தில் அரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தால் போதும்.

கோழிகள் போன பிறகு

ஜூலை நடுவில் இவர் சொன்னார், எனக்கென்னவோ கோழியில்தான் சந்தேகம் என்று. ஆதாரம் ஒன்றும் இல்லை, இறகுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம் என்பது அவருடைய எண்ணம். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "நான் அம்பது வருஷமா கோழி வளக்கிறன், எனக்கு ஒரு நாள் கடிச்சதில்லையே" என்றார். இந்தக் கேள்விக்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. கோழியைத் தூக்குவது அவர், கூட்டைக் கூட்டுவது அவர், எருவை அள்ளி முருங்கைக்குப் போடுவது அவர். அவருக்கு ஒன்றுமில்லாமல் பிள்ளைக்கு மட்டும் எப்படி வரும்? ஆனாலும் பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டு அம்மாவே ஒரு நாள் சொன்னார், சரி, குடுத்துவிடுங்கோ என்று. தெரிந்த ஒருவர் வந்து சேவலையும் பேடுகளையும் மிஞ்சிய குஞ்சுகளையும் காலைக் கட்டிக் கொண்டுபோனார். அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. காசை இவர் அம்மாவின் தகர டப்பாவில் போட்டார், அது அப்படியே கிடந்தது.

கோழிகள் போன பிறகு குறையும் என்று காத்திருந்தோம். கூடியது. முதலில் ஒரு நாளைக்கு நாலைந்து தடிப்பு வந்துகொண்டிருந்த பிள்ளைக்கு இருபது, முப்பது என்று வந்தது. எனக்கும் கணுக்காலில் வந்தது. இவருக்கும் வந்தது. அம்மாவுக்கு மட்டும் இல்லை. வெறுங்கூட்டைப் பார்த்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தோம், கோழியில் பிழையில்லை, வீணாக விற்றுவிட்டோம் என்று. அந்த முடிவுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. உண்மைக்கு மிகக் கிட்டப் போய் நின்ற நாளில்தான் நாங்கள் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பினோம். கூடியதே பதில். கூடியதால்தான் கோழியென்று தெரிந்திருக்க வேண்டும். நாங்களோ கூடியதால் கோழியில்லை என்று கணக்குப் போட்டோம்.

பிறகு புண் பழுத்தது. சொறிந்த இடங்களில் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டி நீர் வடிந்தது, காய்ச்சலும் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டொக்டர் பிள்ளை அன்ரிபயோட்டிக் எழுதிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் சில வாரத்துக்குக் கவனமாகப் பாருங்கள், காலையில் முகம் வீங்குதா, மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போகுதா என்று பாருங்கள் என்றார். தோலில் சொறிந்து புண்ணான இடத்தில் பிடிக்கிற ஒரு வகைக் கிருமி, புண் ஆறிய பிறகுகூடச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாமாம். ஒரு பூச்சிக்கடி சிறுநீரகம் வரைக்கும் போகலாம் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். ஆண்டவன் புண்ணியத்தில் எங்கள் பிள்ளைக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஆறு வாரம், தினமும் காலையில், நான் அவளுடைய முகத்தையும் வெள்ளைக் கோப்பையில் பிடித்த மூத்திரத்தையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணியின் காது

ஓகஸ்ட் கடைசியில் நாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசி போடுகிறவர்கள் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார்கள். எங்களிடம் மணி என்று ஒரு நாய். கோழிகள் இருந்த காலத்தில் கூட்டுக்குப் பக்கத்தில் படுக்கும், அவை போன பிறகு மகளின் அறை வாசலில் படுக்கப் பழகியிருந்தது. வந்தவர்களில் வயதான ஒருவர் ஊசி போடுவதற்காக மணியின் தலையைப் பிடித்து அமுக்கியவர், ஊசி போட்ட பிறகும் விடவில்லை. காது விளிம்பை விரலால் மடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். விளிம்பு முழுக்கக் கறுப்பாக, எள்ளைத் தூவி அமுக்கிவிட்ட மாதிரி. நான் அதைக் கண்டிருக்கிறேன். அழுக்கு, இல்லாவிட்டால் உண்ணிக்குஞ்சு என்று நினைத்திருந்தேன்.

"தங்கச்சி, கோழி வச்சிருக்கிறீங்களோ?"

"இல்லை ஐயா."

"முந்தி?"

"வச்சிருந்தம். வித்திட்டம்."

"எப்ப?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். "இது உண்ணி இல்ல, கோழித்தெள்ளு. கோழி போன பிறகு இதுகளுக்குச் சாப்பாடு இல்ல, நாயில ஏறியிருக்கு. வீட்டில ஆருக்கும் கடிக்குதோ?"

நான் வாய் திறப்பதற்கு முன்னால் மகள் காலை நீட்டிக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். குதிக்காலுக்கு மேலே தோல் மடிப்பில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. நான் அதைத் தார் என்று நினைத்து இரண்டு நாளாகக் குளிக்கவார்க்கும்போது தேய்த்திருக்கிறேன், போகவில்லை. அவர் உள்ளே இருந்து சாமணம் கொண்டுவரச் சொல்லித் தோலோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுத்தார். வந்தது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பழுப்பு நிறத்தில், கடுகிலும் சின்னதாக, கால்களை ஆட்டிக்கொண்டு உயிரோடு இருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் சொன்னன்தானே அம்மா, கடிக்குது எண்டு" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. தன் பேச்சை ஒருவர் கடைசியில் நம்பிவிட்டார் என்ற நிம்மதி மட்டும்தான் அதில் இருந்தது, எனக்குத் தாங்க முடியாமல் போனதும் அதைத்தான்.

மண்ணில் இருந்தவை

அடுத்த நாள் மிருக வைத்தியரிடம் மணியைக் கொண்டுபோனோம். அவர் சொன்னதும், அதற்குப் பிறகு நான் தேடி வாசித்ததுமாகச் சேர்த்துச் சொல்கிறேன். நாங்கள் எல்லாவற்றையும் கோழிப்பேன் என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம், ஆனால் அந்தப் பெயருக்குள் மூன்று சாதி இருக்கிறது. உண்மையான கோழிப்பேன் இறகையும் தோல் செதிலையும் தின்று கோழியிலேயே வாழும், நம் கையில் ஊர்ந்தால் அருவருப்பாக இருக்கும், ஆனால் நம்மில் தங்காது. இரண்டாவது, எட்டுக் கால் உள்ள சின்னஞ்சிறு உண்ணி வகை. அதில் ஒன்று பகலில் கூட்டுப் பலகை இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும், பசியில் சாம்பல் நிறம், குடித்த பிறகு சிவப்பு. கோழியோ கூட்டில் இருந்த குருவியோ போய்விட்டால் அவை வீட்டுக்குள் வந்து ஆட்களைக் கடிக்கும், கையிலும் கழுத்திலும் இடுப்பிலும். மூன்றாவதுதான் எங்கள் வீட்டில் இருந்தது. தெள்ளு. மற்றத் தெள்ளுகள் கடித்துவிட்டுத் துள்ளி ஓடும், இது அப்படியில்லை. பெண் தெள்ளு கண்ணோரம், கொண்டை, தாடி என்று இறகில்லாத இடமாகப் பார்த்து வாயைத் தோலுக்குள் இறக்கி அங்கேயே ஒட்டிக்கொண்டுவிடும், நாள் கணக்கில் இல்லை, வாரக் கணக்கில். ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக நூறு ஒட்டினால் பார்வைக்கு அம்மைப் பொருக்குத்தான். குஞ்சுகளை இரத்தம் வற்றிச் சாக வைக்கும், கண்ணை மறைத்துப் பெரிய கோழியையும் இரை எடுக்க விடாது.

எகிட்னோபாகா கல்லினேசியா என்று பெயர். அதைப் பற்றி வாசித்துக்கொண்டு போனபோது ஒரு விஷயத்தில் நின்றுவிட்டேன். 1875ல் வெஸ்ட்வுட் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் முதன்முதலில் இந்தத் தெள்ளை விவரித்துப் பெயர் வைத்தது இலங்கைக் கோழியில் எடுத்த தெள்ளைப் பார்த்துத்தான். உலகம் முழுக்க வெப்பமான நாடுகளில் இருக்கிற ஒரு பூச்சிக்கு இந்தத் தீவின் கோழியில் வைத்துப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதே தீவில் நான் அதை அம்மை என்றும் அழுக்கு என்றும் தார் என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா கேட்ட கேள்விக்கும் பதில் கிடைத்தது. தடிப்பும் கடியும் பூச்சியின் வாய் போடுகிற காயத்தால் வருவது குறைவு, அதன் உமிழ்நீருக்கு நம் உடம்பு காட்டுகிற எதிர்ப்பால் வருவதே அதிகம். சின்னப் பிள்ளைகளின் உடம்பு அதற்குப் புதிது, அதனால் கொதித்து எழும். ஒரு புதுக் கடி விழுந்தால் ஆறிப்போன பழைய இடங்களும் சேர்ந்து தடிக்கும், பத்துக் கடி முப்பதாகத் தெரியும். வருஷக்கணக்கில் கடிபட்ட உடம்பு கடைசியில் பழகிப்போய்விடும். அம்மாவையும் கடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஐம்பது வருஷத்தில் அவருடைய தோல் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டது. இதை நான் விளக்கிச் சொன்னபோது அம்மா வெகுநேரம் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இதில் ஒரு பெரிய வருத்தம் இருக்கிறது. கடிபட்டுப் பழகியவரின் சொல்லைச் சாட்சியாக வைத்து, புதிதாகக் கடிபட்டவளின் சொல்லை நாங்கள் தள்ளிவைத்தோம்.

கோழி போன பிறகு கூடியதற்கும் காரணம் மண்ணில் இருந்தது. ஒட்டியிருக்கும் தெள்ளு இடுகிற முட்டை கீழே விழும். புழு கூட்டடி மணலில், எச்சத்திலும் தாய்த் தெள்ளுகள் கழித்த காய்ந்த இரத்தத்திலும் வளரும், மணலைச் சேர்த்துக் கூடு கட்டிக்கொள்ளும், பிறகு தெள்ளாக வெளியே வரும். முட்டையிலிருந்து அதுவரைக்கும் ஒன்றிலிருந்து இரண்டு மாதம். நிழலான, மழை படாத மணல் அதற்கு நல்ல இடம். திருகோணமலையில் மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் எங்கள் வளவு அப்படித்தான் இருக்கும். நாங்கள் விற்றது கோழிகளை மட்டும். ஜூனில் இட்ட முட்டைகள் எல்லாம் மாமரத்தடியில் இருந்தன, அவை தெள்ளாகி வெளியே வந்தபோது ஏறுவதற்குக் கோழி இல்லை, சிரட்டையில் மண்சோறு சமைக்கிற ஒரு பிள்ளையின் கால்தான் இருந்தது. மனித இரத்தத்தில் அவை நம்மோடு குடியிருக்கப் போவதில்லை. ஆனால் பசித்தது கடிக்கும்.

சுத்தம் செய்ய இரண்டு மாதம் போனது. கூட்டுக்குள்ளே இருந்த உமி, எச்சம், பழைய கடகம் எல்லாவற்றையும் எரித்தோம். கூட்டடி மணலை மண்வெட்டியால் மேலாக வழித்தெடுத்துக் கிடங்கு வெட்டிப் புதைத்தோம், பலகைகளைக் கழற்றி வெயிலில் போட்டோம். மிருக வைத்தியர் தந்த தூளை அவர் சொன்ன அளவில் போட்டோம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட்டோம், ஏனென்றால் கூட்டுப்புழுவாக உள்ளே இருப்பதை மருந்து தொடாது, அது வெளியே வந்த பிறகுதான் சாகும். மணிக்கு வேறு மருந்து, காது விளிம்புக்கு வாஸ்லின். வாஸ்லினைத் தடிப்பாகப் பூசினால் மூச்சடைத்து விழுந்துவிடும், கோழியின் கண்ணோரத்துக்கும் அதுதான் நல்லது, பிய்த்து இழுத்தால் தோல் கிழியும். ஊரில் சிலர் மண்ணெண்ணெய் பூசுகிறார்கள், கோழியின் தோல் வெந்துவிடும், தயவு செய்து செய்யாதீர்கள். பெர்மெத்ரின் சேர்ந்த தூள் வாங்கினால் பூனை உள்ள வீட்டில் மிகக் கவனம் வேண்டும், நாய்க்குப் போடுகிற அளவு பூனையைக் கொன்றுவிடும். பிள்ளைக்கு வேறு பெரிய மருந்து ஒன்றும் தேவைப்படவில்லை. கடிக்குக் குடிக்கிற மருந்தும் கலமைனும், நகத்தை ஒட்ட வெட்டுவதும், மாமரத்தடிக்குச் செருப்புப் போடாமல் போகாமல் இருப்பதும்தான். ஒக்டோபர் கடைசியில் மழை தொடங்கியபோது புதிதாக ஒரு தடிப்பும் இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம்

கோழி வாங்கிக்கொண்டு போனவருக்கு மணியின் காதைப் பார்த்த அன்றே போன் எடுத்துச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். பிறகு பார்த்துவிட்டு, ஓம், இருக்குது என்றார். வாஸ்லின் டப்பா ஒன்று வாங்கி அனுப்பினோம்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் போவதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் தன் பிள்ளையை உள்ளே போகச் சொன்ன அந்த நாளை நான் மறந்திருக்கவில்லை. அவருடைய கோழிகள் வேலிக்குக் கீழால் நுழைந்து எங்கள் வளவில்தான் கிளறும், அதனால் சொல்லாமல் இருப்பதும் சரியில்லை. ஒரு பின்னேரம் போனேன். திண்ணையில் உட்கார வைத்துத் தேத்தண்ணி தந்தார். நான் கோழித்தெள்ளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன், அம்மை மாதிரி இருக்கும், கண்ணைச் சுற்றி இருக்கும், பிள்ளைகளின் காலில் வரும் என்று. பாதியில் அவர் அழத் தொடங்கிவிட்டார். மகனைக் கூப்பிட்டு நீளக் காற்சட்டையைத் தூக்கிக் காட்டினார். கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் அதே தடிப்பு, அதே தழும்பு. ஜூலையிலிருந்து இருக்கிறதாம். எங்கள் பிள்ளையில் இருந்து ஒட்டியது என்று நினைத்தாராம், ஆனால் யாருக்கும் சொல்லவில்லை, சொன்னால் தன் வீட்டையும் அப்படித்தான் பேசுவார்கள் என்று. டவுனில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போய் ஒரு பார்மசியில் கிறீம் வாங்கிக்கொண்டு வந்து இரவில் கதவைப் பூட்டிவிட்டுப் பூசியிருக்கிறார், இரண்டு மாதமாக. அந்த ஆடிப் புழுக்கத்தில் அந்தச் சின்னப் பையன் நீளக் காற்சட்டையோடு திரிந்ததை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன்.

நான் அவனிடம் கேட்டேன், "என்னப்பன் கடிக்குது?"

"கறுப்புப் பூச்சி" என்றான். "கோழியில இருக்கிறது. துள்ளும். நான் கண்டனான்."

அக்கா அவனைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கூட்டடியில் நின்ற சேவலைப் பிடித்துக்கொண்டு வந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. நான் போன் வெளிச்சத்தைப் பிடித்தேன், அவர் மடியில் வைத்து அதன் கண்ணோரத்தை விரலால் நெருடிப் பார்த்தார்.